கசகசா பூத்த ஜூன் மாதம்

நேற்றுக் காலை வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் ஒருத்தி ஓர் அட்டைப்பெட்டி நிறைய பேகல் வாங்கி வந்திருந்தாள். பேகல் என்பது நடுவில் ஓட்டை போட்ட கெட்டி ரொட்டி. மெதுவடையை யாராவது கோபத்தோடு சுட்டால் எப்படி இருக்கும், அப்படி. பாதிக்கு மேல் கறுப்புக் கசகசா அப்பியவை. அவள் ஒன்றைக் கடித்துக்கொண்டே என்னோடு மருந்து அலமாரியை எண்ண வந்தாள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போதை மருந்துகளை இரண்டு நர்சுகள் சேர்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மார்ஃபின், கோடீன் என்று நான் பெயரை வாசிக்க வாசிக்க அவள் எண்ணிச் சொன்னாள். முடித்துவிட்டுப் பார்த்தால், கையெழுத்துப் போடுகிற கட்டத்தில் ஏழெட்டுக் கசகசா உதிர்ந்து கிடந்தது. நான் தட்டிவிட்ட வேகத்தைப் பார்த்து, "எறும்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு ஏன் உனக்கு இப்படி வேர்க்கிறது என்றாள்.

அவளிடம் சொல்லவில்லை. நான் மேற்பார்வை பார்க்கிற நர்ஸ். அவளுக்கு என்மேல் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது. உங்களிடம் சொல்வதற்கு என்ன.

கசகசாவை வெறும் வாணலியில் வறுத்திருக்கிறீர்களா? முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் திடீரென்று பாலும் முந்திரியும் சேர்ந்து சுடுகிற மாதிரி ஒரு வாசனை எழும்பும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கசப்பு. நான் அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது என் அம்மா பெட்டியில் வைத்த சாமான்களில் ஒரு பெரிய கசகசாப் பொட்டலமும் இருந்தது. குருமா இல்லாமல் நான் செத்துப்போவேன் என்று அவளுக்கு நினைப்பு. அம்மா ராயபுரத்தில் ஓர் அரிசி மண்டியில் புடைக்கிற வேலை பார்த்தவள். முறத்திலிருந்து சிந்தினதைக் கூட்டி அள்ளிக் குருவிக்கு வீசிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். தின்கிற தானியத்தைக் குப்பையில் போடுவது எங்கள் வீட்டில் பைபிளைக் காலால் தள்ளுவதற்குச் சமம்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே உட்கார்ந்த முதல் ஆள் நான். ஏழு வயதிலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிற கடிதம், நோட்டீஸ், மருந்துச் சீட்டு எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். அச்சடித்த காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உண்மை என்ற நம்பிக்கை எனக்கு அப்போதே ஊறிவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளியில் மருந்தியலில் முதல் மதிப்பெண் வாங்கினேன். இதை நான் எங்கேயும் எப்படியாவது சொல்லிவிடுவேன்; இங்கேயும் சொல்லியாகிவிட்டது. இந்தக் கதையில் அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

நியூ ஜெர்சிக்கு வேலை விசாவில் வந்தவள் நான். என் கணவர் தேவராஜ் ஏழு மாதம் கழித்து என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரம்பூரில் ரயில்வே கிளார்க்காக இருந்த வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர். இங்கே அவர் வேலை பார்க்க அனுமதி இல்லை. கிரீன் கார்டு வந்தால்தான் உண்டு. ஒன்றரை வருடம் அவர் வீட்டில் சமைத்தார், துவைத்தார், நான் வேலையிலிருந்து வரும் பஸ்ஸுக்காக ஜன்னலில் நின்றார். ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் "ஆபீஸ் வேலை அதிகம்" என்று எழுதினார். அந்தக் கடிதங்களைத் தபாலில் போடுவது நான்தான்.

நாங்கள் வாடகைக்கு இருந்தது ஈடிசன் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. முன்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண். பக்கத்து வீட்டில் ஃபிராங்க் என்ற போலீஸ்காரர். ஆறடி உயரம், நல்ல சிரிப்பு, வீட்டு முன்னால் ரோந்து கார். ராயபுரத்தில் எங்கள் தெருவில் போலீஸ் வண்டி நுழைந்தால் தண்ணீர்க் குடத்தை அப்படியே போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவோம். அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் போகவில்லை. ஃபிராங்க் "குட் மார்னிங்" சொன்னால் நான் பதில் சொல்லிவிட்டு, கைப்பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். அவருக்கு அந்த வசந்தத்தில்தான் ஹங்கேரியிலிருந்து ஒரு மனைவி வந்திருந்தாள். இலோனா. என் வயதுதான் இருக்கும். ஆங்கிலம் தெரியாது; ஃபிராங்கோடு மட்டும் அவள் பாஷையில் பேசுவாள். வேலியோரம் நின்று எதையோ பார்த்துக்கொண்டே இருப்பாள்.

எங்கள் பயத்துக்கு எண்ணெய் ஊற்ற ஒரு மனிதர் இருந்தார். சர்ச்சில் பழக்கமான டேனியல் அங்கிள். கிரீன் கார்டு இன்டர்வியூவில் யார் யார் எப்படித் தோற்றார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

"பார்க்கிங் டிக்கெட்மா, ஒரே ஒரு பார்க்கிங் டிக்கெட். கட்ட மறந்துட்டான். ரிஜெக்ட் பண்ணிட்டான்! நல்ல பையன். டை எல்லாம் கட்டிட்டுப் போனான்."

"எங்ககிட்ட கார் இல்லையே அங்கிள்" என்றார் தேவராஜ்.

"அது இன்னும் மோசம். கார் கூட வாங்க வக்கில்லாதவன் எதுக்குடா இங்கன்னு கேப்பான்."

இனி தோட்டத்துக்கு வருகிறேன். இரண்டாவது குளிர்காலத்தில், அம்மா கொடுத்த கசகசாப் பொட்டலத்தில் பாதி மீந்து, சிக்கு வாடை வந்துவிட்டது. வெளியே பனி. எங்கள் வாசலில் பெயர் தெரியாத சாம்பல் நிறக் குருவிகள் தத்திக்கொண்டிருந்தன. குப்பைத் தொட்டியை நோக்கிப் போன கை தானாக நின்றது. ஜன்னலைத் திறந்து அவ்வளவையும் பனிமேல் வீசினேன். புண்ணியம் சேர்ந்த மாதிரி ஒரு திருப்தி. குருவிகள் வந்தன, கொத்தின, போயின. நான் மறந்தேபோனேன்.

ஏப்ரலில் பனி உருகி மண் கறுத்ததும் கடையில் விதைப் பாக்கெட்டுகள் வாங்கி வந்தேன். ஜின்னியா, கேந்தி, அப்புறம் "காட்டுப் பூக் கலவை" என்று ஒன்று. பாக்கெட்டின் பின்புறத்தை இரண்டு தடவை படித்தேன். எத்தனை அங்குல ஆழம், எத்தனை நாளில் முளைப்பு, எல்லாம் மருந்து கொடுக்கிற மாதிரிக் கடைப்பிடித்தேன். ஜின்னியா முளைக்கவே இல்லை. கேந்தியை நத்தை தின்றது. முன்பு குடியிருந்தவர் நட்டுவைத்த பியோனிச் செடி ஒன்று மட்டும், எறும்பு மொய்க்கும் மொட்டுகளோடு, என்னை யாரும் கவனிக்க வேண்டாம் என்பது போல ஓரமாக நின்றது.

தேவராஜ் விடுவாரா? "என்ன நர்ஸம்மா, பேஷண்ட் எல்லாம் எப்படி? டெம்பரேச்சர் பாத்தாச்சா?"

"சும்மா இருங்க. முளைக்க டைம் எடுக்கும்."

"எடுக்கட்டும், எடுக்கட்டும். டெத் சர்டிஃபிகேட் நான் எழுதிடறேன்."

ஆனால் மே மாதம் ஒன்று நடந்தது. பாத்தி முழுக்கக் கொத்துக் கொத்தாக ஒரு செடி கிளம்பியது. முட்டைக்கோஸ் இலை மாதிரி சாம்பல் பூசிய பச்சை. கலவைப் பாக்கெட் படத்தில் அப்படி எதுவும் இல்லைதான். ஆனாலும் 'இன்னும் பல' என்று அச்சில் போட்டிருந்தார்கள். அந்த இன்னும் பலவில் இது ஒன்று என்று முடிவுகட்டினேன். நெருக்கமாக இருந்ததைப் பிடுங்கி இடைவெளி விட்டேன். அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினேன். இடுப்பளவு வளர்ந்தது. மொட்டுகள் எல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தொங்கின. நோய் என்று பயந்தேன். ஜூன் முதல் வாரம், ஒரு காலை, பஸ்ஸுக்குக் கிளம்பிக் கதவைத் திறக்கிறேன், அத்தனையும் தலை நிமிர்ந்து நிற்கின்றன. வெள்ளைப் பூக்கள். சிலவற்றில் கத்தரிப்பூ நிறம் ஒரு சொட்டுக் கலந்த வெள்ளை. இதழ்கள் மடித்து வைத்த மல் துணியை அப்போதுதான் பிரித்த மாதிரிக் கசங்கலோடு இருந்தன. வெயில் அவற்றின் வழியாக உள்ளே போய் வெளியே வந்தது.

நான் அன்றைக்கு பஸ்ஸை விட்டேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் தடவை.

தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். நாயோடு நடக்கிறவர்கள் நாயை விட்டுவிட்டு நின்றார்கள். அந்த ஊர்த் தோட்டச் சங்கத்திலிருந்து மிஸஸ் ஹார்ப்பர் என்ற அம்மாள் வந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டு நாள் கழித்து ஒரு மரப் பலகையைக் கொண்டுவந்து எங்கள் புல்லில் சுத்தியலால் அடித்து நட்டார். "இந்த மாதத்தின் தோட்டம்" என்று பச்சை எழுத்து. மாதக் கடைசி வரை இருக்குமாம். ஃபிராங்க் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை தட்டினார். ஹார்ப்பர் அம்மாள், ஊரில் தோட்டக்கலை படித்தாயா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "கொஞ்சம்" என்றேன். மண்டியில் தானியம் புடைத்தவளின் மகளுக்கு அமெரிக்காவில் பலகை! அந்த வாரம் நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அதே வாரம் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம். இன்டர்வியூ. பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்தப் பூக்களின் ஆயுள் இரண்டே நாள். இதழ் விழுந்ததும் காம்பு நுனியில் ஒரு பச்சைக் காய் நின்றது. மண்பானை வடிவம், மேலே மூடி போட்ட மாதிரி ஒரு கிரீடம். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. இது என்ன காயாக இருக்கும் என்று ஒன்றை ஒடித்து, வாசற்படியில் உட்கார்ந்து சமையல் கத்தியால் அறுத்தேன். கத்தியில் வெள்ளையாகப் பால் ஒட்டியது. உள்ளே அறை அறையாகத் தடுத்து, இளசாகப் பொடிப்பொடி விதை. நாக்கில் வைத்துக் கடித்தேன். அம்மா அம்மியில் தேங்காயோடு வைத்து நசுக்குவாளே, அந்தப் பச்சை வாசனை.

"என்னங்க! ஓடி வாங்க! கசகசா!"

தேவராஜ் கரண்டியோடு ஓடி வந்தார். "கசகசாவா? இது செடியிலயா காய்க்குது?"

"பின்ன கடையிலயா காய்க்கும்? நான் குருவிக்குப் போட்டேன்ல, அது!"

"அடிப்பாவி. குருவிக்குப் போட்டு பிரைஸ் வாங்கிட்டியா?"

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அரை நிமிடம் இருக்கும். சிரித்துக்கொண்டே கத்தியைத் துடைக்கப் போனேன். பால் அதற்குள் பழுப்பாகிப் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் நின்று பாடம் சொல்லும் என் குரலே எனக்குக் கேட்டது. பழுக்காத காயைக் கீறினால் வடியும் பாலை உலர்த்தினால் கிடைப்பது. அதிலிருந்து பெறப்படும் மருந்துகள் இன்னின்ன. முதல் மதிப்பெண். ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறேன். செடியை மட்டும் பார்த்ததில்லை.

"என்னாச்சு நர்ஸம்மா? ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?"

"இது அபினிங்க."

"எது?"

"இந்தச் செடி. மார்ஃபின் இதுலேர்ந்துதான் எடுக்கறாங்க. நான் ஆஸ்பத்திரியில பூட்டு போட்டு எண்ணி வெக்கறேனே, அது."

அவர் முதலில் பலகையைப் பார்த்தார். நான் வேலிக்கு அப்பால் நின்ற ரோந்து காரைப் பார்த்தேன். அடுப்பில் சாம்பார் தீய்ந்து வாசனை வந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசினோம். வீட்டுக்குள் யாருமில்லை, ஆனாலும் குசுகுசு. பிடுங்கி எறிந்துவிடலாம் என்றார் அவர். பலகை நட்ட தோட்டத்தை எப்படிப் பிடுங்குவது? தினமும் பத்துப் பேர் பார்க்கிறார்கள். ஏன் பிடுங்கினாய் என்று பக்கத்து வீட்டுப் போலீஸ்காரர் கேட்டால் என்ன சொல்வது? விட்டுவைத்தால், இந்தச் செடியைத் தெரிந்தவர் யாராவது ஒருவர் பார்த்தால் போதும். என் நர்ஸ் லைசென்ஸ் போகும். விசா போகும். இரண்டு பேரும் விமானம் ஏற வேண்டும். ராயபுரத்தில் என்ன சொல்வார்கள்? படிக்க வைத்தார்களே, அபினி வளர்த்து மாட்டிக்கொண்டாளாம்.

"பார்க்கிங் டிக்கெட்டுக்கே ரிஜெக்ட் பண்ணிட்டான்" என்றார் தேவராஜ். நான் அழுதேன். அவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். பூ இருக்கட்டும், காயை மட்டும் அன்றன்றைக்கு வெட்டிவிடுவது. வாடின பூவைக் கிள்ளுவது போலத்தான் தெரியும். வெட்டின காயை ஒன்று விடாமல் ஒழிப்பது. எனக்கு எந்த வேலையும் ஆஸ்பத்திரி முறையில்தான் வரும். வார்டில் மீந்த மார்ஃபினைக் கொட்டும்போது பக்கத்தில் ஒரு சாட்சி நிற்க வேண்டும். அதனால் தேவராஜை நிற்க வைத்தேன். காலை ஐந்தரைக்கு நல்ல வெளிச்சம் வந்துவிடும். நான் கத்தரிக்கோலால் வெட்ட வெட்ட, அவர் பையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார். உள்ளே வந்து நான் மறுபடி எண்ணுவேன்.

"நாப்பத்தி ஒண்ணு."

"எனக்கு நாப்பதுதான் வருது."

"ஐயோ, ஒண்ணு எங்க?"

ஒரு தடவை அந்த ஒன்றுக்காகச் செடிகளுக்கு நடுவே அரை மணி நேரம் தேடினோம். அவர் சட்டைப் பைக்குள் விழுந்திருந்தது. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெட்டின காய்களை மீன் செதிலோடும் குடலோடும் சேர்த்துச் சுற்றி, குப்பை வண்டி வரும் நாளில் மட்டும் வெளியே வைத்தோம். சமையலறை ஜாடியில் கடையில் வாங்கிய கசகசா கொஞ்சம் இருந்தது. அதையும் குழாயடியில் கொட்டிவிட்டேன். ஜாடியை மூன்று முறை கழுவினேன். இனிமேல் தானியத்தை எறிவதில் பாவம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இதையெல்லாம் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். இலோனா. முதல் நாள் வேலியோரம் காபிக் கோப்பையோடு நின்றாள். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் நான் காயை வெட்டும்போது முகம் சுருங்கி, விரலை நீட்டி ஏதோ சொன்னாள். நான் சிரித்துவைத்தேன். மறுநாள் கையை இப்படியும் அப்படியும் ஆட்டி வேகமாகப் பேசினாள். அப்புறம் உள்ளே திரும்பி, "ஃபிராங்க்! ஃபிராங்க்!" என்று கூப்பிட்டாள்.

நான் கத்தரிக்கோலை முந்தானைக்குள் ஒளித்தேன். நல்ல வேளை, அவர் டியூட்டிக்குப் போயிருந்தார்.

"கண்டுபிடிச்சுட்டா அவ" என்றேன்.

"இன்டர்வியூக்கு மூணு நாள் இருக்கு. இனி பலகையாவது ஒண்ணாவது. பிடுங்கு" என்றார் தேவராஜ்.

அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அது பொய்யும் அல்ல. இரண்டு பேரும் வேரோடு பிடுங்கினோம். பூ, மொட்டு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பால் வடிந்து கையெல்லாம் பிசுக்கு. பாதி முடிவதற்குள் இலோனா வெறுங்காலோடு வேலிக்கு ஓடி வந்தாள். "நோ! நோ!" அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தடயத்தை அழிக்கிறார்கள் என்று கத்துகிறாள், அப்படித்தான் எனக்குக் கேட்டது. நான் கடைசிச் செடியையும் பிடுங்கிக் கோணிப்பையில் அமுக்கிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

நடுப்பகலில் ரோந்து கார் வந்தது. அந்த நேரத்தில் ஃபிராங்க் ஒருநாளும் வந்ததில்லை. பூட்ஸ் சத்தம் எங்கள் படியேறியது. கதவு தட்டும் சத்தம். நாங்கள் இரண்டு பேரும் சமையலறைத் தரையில், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். தேவராஜ் என் வாயைப் பொத்தினார். நான் கத்தப்போவதில்லை, ஆனாலும் பொத்தினார். ஃபிராங்க் மறுபடி தட்டினார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு பூட்ஸ் இறங்கிப்போனது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

மிஸஸ் ஹார்ப்பர் மறுநாள் வந்து, மொட்டையாகக் கிடந்த மண்ணைப் பார்த்து ஸ்தம்பித்து நின்றார். பூச்சி விழுந்துவிட்டது என்று சொன்னேன். எந்தப் பூச்சி என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தோட்டக்கலை "கொஞ்சம்" படித்தவள்! அவர் பலகையை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, காரின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டு போனார்.

நியூவார்க்கில் அந்த அறையில் ஜன்னல் இல்லை. அதிகாரி வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார். என் நகத்தடியில் இன்னும் பழுப்புக் கறை இருந்தது. எலுமிச்சை, மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரி ஸ்பிரிட் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அவர் படிவத்தைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு போனார். கைதானதுண்டா, கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்ததுண்டா, போதைப்பொருள் விவகாரத்தில் எப்போதாவது ஈடுபட்டதுண்டா?

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் ஏன் அப்படி ஒன்றுவிடாமல் எண்ணினேன் என்று. இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்வதற்காக. ஒரே ஒரு காய் மண்ணில் கிடந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

"நோ, சார்" என்றேன். குரல் பாதிதான் வந்தது. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இங்கே யாரும் கடிக்க மாட்டார்கள் அம்மா என்றார். தேவராஜிடம் அதே கேள்வி. அவர் போட்ட "நோ"வில் அடுத்த மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். தேவராஜ், "இனி நான் வேலைக்குப் போலாமா?" என்று என்னைக் கேட்டார், என்னமோ நான்தான் அதிகாரி மாதிரி. போலாம் என்றேன். நடுத்தெருவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் வாசற்படியில் ஃபிராங்க் உட்கார்ந்திருக்கிறார், சீருடையோடு. எங்களைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். முத்திரை குத்திய பாஸ்போர்ட்டை நான் நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.

அவர் மன்னிப்புக் கேட்டார். இலோனா கத்தியதற்கு. அவள் அந்தச் செடியை இலை விட்டபோதே அடையாளம் கண்டுகொண்டாளாம். அவள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு பாத்தி போடுவார்களாம். அந்த விதையை அரைத்துச் சர்க்கரை சேர்த்து, மாவில் சுருட்டிச் சுட்டால்தான் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். காய் காய்ந்ததும் இரண்டு கைப்பிடி விதை உங்களிடம் கேட்டு வாங்கித் தரச் சொல்லி, மே மாதத்திலிருந்து தன்னை அரித்துக்கொண்டிருந்தாளாம். தனக்கு டபுள் டியூட்டி, மறந்துபோய்விட்டது. பச்சையாக வெட்டாதீர்கள், காயவிடுங்கள் என்றுதான் தினமும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டியூட்டியில் இருந்த தன்னைப் போன் போட்டு வரவழைத்ததும் அதற்குத்தான். "ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"அந்தச் செடி..." பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்தேன். "அது தப்பில்லையா?"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு புரிந்துவிட்டது. அவர் சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. "மேடம், நான் கார் திருடர்களைத் தேடுகிறவன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

பட்டுப்புடவையோடு மண்ணில் மண்டியிட்டுத் தேடினேன். வேலியைச் சுற்றிக்கொண்டு இலோனாவும் வந்து எதிரில் மண்டியிட்டாள். தேவராஜ் பேண்ட்டை மடித்துக்கொண்டு பியோனிச் செடிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒரு காய்கூடக் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? இரண்டு பேர் எண்ணி, சாட்சியோடு ஒழித்தது.

அடுத்த வாரம் இந்தியக் கடையில் ஒரு பாக்கெட் கசகசா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இலோனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பாடம் படித்த மாதிரி "தேங்க் யூ வெரி மச்" என்றாள். பிறகு, நான் புரிந்துகொள்ள வேண்டும் என்றோ என்னவோ, விரல்களைக் குவித்து ஒரு காய் மாதிரிச் செய்து, காதருகே கொண்டுபோய் ஆட்டிக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினாள். அந்தப் பாக்கெட் அவள் சமையலறை ஜன்னல் விளிம்பில் பிரிக்காமலே நின்றது. என் ஜன்னலிலிருந்து தெரியும். ஆகஸ்டிலும் நின்றது, செப்டம்பரிலும் நின்றது.

அக்டோபரில் இலோனா ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு இங்கே ஒட்டவில்லை என்றார் ஃபிராங்க். கிறிஸ்துமஸுக்குள் அவரும் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போனார். வாங்கினவர்கள் வேலியைப் பிடுங்கிவிட்டு, கார் நிறுத்தத் தார் போட்டார்கள். நாங்களும் அந்த வீட்டை விட்டு வந்து வருடங்களாகிவிட்டன. தேவராஜ் வேலைக்குப் போகிறார். உண்மையாகவே வேலை அதிகம். என் வீட்டு முன்னால் இப்போது புல் மட்டும்தான். போலீஸ் கார் போனால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பயம் எந்த நாளில் என்னை விட்டுப் போனது என்றுகூடத் தெரியவில்லை.

ஒரு ரொட்டிக்காக யாரும் ஊரைப் பார்க்கத் திரும்பிப் போய்விட மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் கசகசாக் காய் முற்றிக் காய்ந்தபின் காதருகே வைத்து ஆட்டினால், உள்ளே விதைகள் உருளுகிற சத்தம் கேட்குமாம். அது எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.